ஒயரை மறைக்கும் சுவர்

கேள்வி: புது வீட்டு ஹாலில் 65 இன்ச் டிவி, ஐந்து ஸ்பீக்கர். ஒயர் தொங்குவது கண்ணை உறுத்துகிறது. சுவரை வெட்ட மனமில்லை. பொய்ச்சுவர் எழுப்பலாமா?
– வாசகர், பர்கூர்

பதில்: தாராளமாக எழுப்பலாம். மரச்சட்டம் வேண்டாம், கரையான் வரும். ஜி.ஐ. சட்டம் அடித்து, 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு போடுங்கள். உள்ளே நான்கு அங்குல இடைவெளி போதும். டிவி மாட்டும் இடத்தில் மட்டும் போர்டுக்குப் பின்னால் 18 மி.மீ. பிளைவுட் கட்டாயம், வெறும் ஜிப்சத்தில் ஸ்க்ரூ நிற்காது.

உங்கள் ஊரில் கிரானைட் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் அதையே முகப்பில் ஒட்டத் தோன்றும். 18 மி.மீ. கல் சதுர அடிக்கு நாலரை கிலோ வரும். அந்தப் பாரத்தைக் கட்டிய செங்கல் சுவருக்கே கொடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது குழாயில்தான். எச்.டி.எம்.ஐ. ஒயரின் தலை அகலமானது. சாதாரண எல்போவில் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். இரண்டு அங்குல பி.வி.சி. குழாயும், நீண்டு வளையும் பெண்டும் வாங்குங்கள். உள்ளே ஒரு நைலான் கயிறும் கிடக்கட்டும். நான்கைந்து வருடத்தில் ஒயரை மாற்ற நேர்ந்தால் அந்தக் கயிறுதான் கைகொடுக்கும். என் வீட்டில் கயிறு விடாததால் போர்டையே அறுக்க வேண்டியதாயிற்று.

கரண்ட் ஒயருக்குத் தனிக் குழாய், ஒரு அடி தள்ளி. ஒரே குழாயில் போனால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம், ஆபத்தும்கூட. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவருக்குள் வைத்து மூடவே கூடாது. ஆம்ப்ளிஃபயரும் வெளியே, காற்றோட்டமாக இருக்கட்டும்.