ஒளியைப் பகிர்தல்

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமியாகும். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் வயல் விளையும். மடை வழியே வெளிப்படும் நீர் வாய்க்கால்களாகக் கிளைத்து ஓடும். கிளைகள் பெருகப் பெருக ஒவ்வொன்றிலும் நீர் குறையும் என்பதை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர்.

மாணவர்களே! இத்தகைய பங்கீடு ஒளிக்கும் உண்டு. செய்தியை ஒளியாக்கி மெல்லிய கண்ணாடி இழை வழியே நெடுந்தொலைவு அனுப்ப இயலும் என்று 1966 ஆம் ஆண்டில் காவோ, ஹாக்கம் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து கூறினர். ஆயினும், தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டிற்கு ஓர் இழை வீதம் இடுவதாயின் செலவு மிகும். சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் கரிசற்காட்டில் சொல்லவும் வேண்டுமோ? வழியிடையே ஒரு கருவியை வைத்துப் பிரித்தனுப்பலாமெனின், மின்சாரம் நின்றால் அக்கருவியும் நின்றுவிடும்.

1987 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். வழியிடையே அவர்கள் வைத்தது ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிப் பிரிப்பானே. அதற்கு மின்சாரம் வேண்டா. இதுவே பாசிவ் ஆப்டிகல் நெட்வொர்க் எனப்படும். ஓரிழை 32 கிளைகளாகப் பிரிந்தால், ஒவ்வொன்றும் பெறுவது 32இல் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைந்த ஒளியே. ஆனால் செய்தி குறைவதில்லை! நீருக்கில்லாத இயல்பன்றோ இது! எனினும் ஒளி மிக மங்கினால் கருவி அதனை உணராது. ஆதலின் கிளைகளுக்கும் தொலைவிற்கும் எல்லையுண்டு. தொலைவு பெரும்பாலும் 20 கிலோமீட்டர் அளவினதாகும்.

நிலையம் அனுப்பும் செய்தி எல்லா வீடுகளுக்கும் செல்லும். ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தனக்குரியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும் செய்திகளோ ஒன்றோடொன்று மோதலாகாது. கண்மாயில் நீர்பாய்ச்சி முறைவைத்துத் தண்ணீர் விடுவது போல, நிலையக் கருவி ஒவ்வொரு வீட்டிற்கும் நேரம் வகுக்கும். ஒளி 20 கிலோமீட்டரைக் கடக்க நொடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அச்சிறு தாமதத்தையும் அளந்து, அண்மையிலுள்ள கருவியைச் சற்றே காத்திருக்கச் செய்யும். இந்நுட்பமே இம்முறையின் உயிர்நிலை எனலாம்.

நம் நாட்டில் 1984 ஆம் ஆண்டில் தோன்றிய சி-டாட் நிறுவனம் இதற்குரிய கருவிகளைத் தானே உருவாக்கியது. ஊராட்சிகளை இழையால் இணைக்க 2011 ஆம் ஆண்டில் நடுவணரசு ஒப்பிய திட்டத்தின் முதற்கட்டத்தில் அவை பயன்பட்டன. பி.எஸ்.என்.எல். நிறுவனம் வீடுகளுக்கு அளிக்கும் இழை இணைப்பும் இம்முறையினதே.

குறையும் உண்டு. அடிமரம் அறுபட்டால் கிளைகள் யாவும் அற்றுப்போம். வீடுகளுக்கு இது பொறுக்கத்தக்கது, ஊராட்சிக்கு அவ்வாறன்று. 2023 ஆம் ஆண்டில் அத்திட்டத்தைத் திருத்தியபோது, ஒன்றியத்திலிருந்து ஊராட்சிகளுக்கு இழையை வளையமாக இட முடிவு செய்தனர். மண் தோண்டும் இயந்திரம் ஓரிடத்தில் வளையத்தை அறுத்தாலும், செய்தி மறுபுறமாகச் சுற்றி ஊரை வந்தடையும்.