குத்துச்சண்டையும் நடுவுநிலைமையும்

பின்வரும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடை காண்க.

ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் யார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். காற்பந்தில் கோல்களின் எண்ணிக்கை சொல்லிவிடும். குத்துச்சண்டையில் அப்படியன்று. எதிராளி எழ முடியாமல் வீழ்ந்தாலொழிய, மேடையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நடுவர்களின் கண்களே பெரும்பாலும் வெற்றியை முடிவு செய்கின்றன. அதனால், அனைத்துலக அமெச்சூர் குத்துச்சண்டையின் வரலாறு வீரர்களின் வரலாறாக மட்டும் அமையவில்லை. நேர்மையான தீர்ப்பைத் தேடிய வரலாறாகவும் அமைந்துள்ளது.

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்கள் பரிசுப் பணத்திற்காக மோதுவர். அவர்களின் பெரிய போட்டிகள் 12 சுற்றுகள் வரை நீளும். அமெச்சூர் வீரர்களோ தங்கள் நாட்டைப் பிரதிநிதித்துப் பதக்கத்திற்காகப் போட்டியிடுகின்றனர். இன்று அவர்களுக்கு 3 சுற்றுகள். சுற்று ஒன்றுக்கு 3 நிமிடம். ஒருவர் சிவப்பு மூலையிலும் மற்றவர் நீல மூலையிலும் நிற்பர். கையுறையின் முட்டிப் பகுதியால், இடுப்புக்கு மேலே உடலின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ, தலையின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ விழும் குத்தே செல்லும். எது செல்லும், எது செல்லாது என்பதை நடுவர்கள் நொடிப்பொழுதில் கணிக்க வேண்டும்.

அந்தக் கணிப்பு பிழையானால் என்ன ஆகும் என்பதை உலகம் 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கண்டது. தென்கொரியாவின் சியோல் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் இறுதியாட்டம் ஒன்றில், 19 வயது அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ், உள்நாட்டு வீரர் பார்க் சி ஹூனை எதிர்கொண்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் கணக்குப்படி ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார். பார்க் பதித்தவை 32 மட்டுமே. ஆயினும், ஐந்து நடுவர்களில் மூவர் பார்க்கையே வெற்றியாளர் என்றனர். தங்கம் பார்க்குக்குச் சென்றது. அதே ஒலிம்பிக்கில் தலைசிறந்த குத்துச்சண்டை வீரருக்கான கிண்ணத்தை ஜோன்ஸ் பெற்றார்! பின்னர் நடந்த விசாரணையில் கையூட்டுக்கான சான்று கிடைக்கவில்லை என 1997இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் அறிவித்தது. தீர்ப்பு மாறவில்லை.

இந்நிகழ்வுக்குப் பிறகு மின்னணுப் புள்ளி முறை அறிமுகமானது. ஒவ்வொரு நடுவர் முன்னும் சிவப்பு, நீலம் எனப் பொத்தான்கள் இருந்தன. முறையான குத்து ஒன்று விழுந்ததும் ஐவரில் மூவராவது ஒரு நொடிக்குள் ஒரே நிறப் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி கிடைக்கும். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் இம்முறை பயன்படுத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த வி. தேவராஜன் அப்போட்டியில் இந்தியாவைப் பிரதிநிதித்துக் களமிறங்கினார். 1994இல் பேங்காக்கில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அவர் வெண்கலம் வென்றார்.

மலேசியர்களுக்கு மறக்க முடியாத ஆண்டு 1998. அவ்வாண்டு செப்டம்பரில் ஆசியாவிலேயே முதன்முறையாகக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. சரவாக் வீரர் சப்போக் பீக்கி, எடை குறைந்த பிரிவில் கென்யாவின் மோசஸ் கின்யுவாவை வென்று தங்கம் பெற்றார். காமன்வெல்த் குத்துச்சண்டையில் மலேசியா பெற்ற முதல் தங்கம் அது. போட்டியை ஏற்று நடத்தும் நாட்டின் வீரர் வெல்லும்போது, அவ்வெற்றி ஐயத்திற்கு இடமின்றி அமைவது மிகவும் முக்கியம். அப்போதுதான் பதக்கத்தின் பெருமை நிலைக்கும்.

எனினும், பொத்தான்களாலும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. அடுத்தடுத்து வேகமாக விழும் குத்துகளுக்கு ஏற்ப விரல்கள் இயங்கவில்லை. உடலில் விழும் குத்துகள் பல கணக்கில் சேரவில்லை. வீரர்களும் முழுத்திறனோடு மோதாமல், தொட்டுவிட்டு விலகிப் புள்ளி சேர்க்கப் பழகினர். ஆகவே, 2013இல் இம்முறை கைவிடப்பட்டது. சுற்றில் சிறந்தவருக்கு 10 புள்ளியும் மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவான புள்ளியும் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

முறை மாறியும் மனிதர் மாறவில்லையே! 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் சில தீர்ப்புகள் பெரும் எதிர்ப்பை எழுப்பின. அங்குப் பணியாற்றிய 36 நடுவர்களும் தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டனர். தீர்ப்புகளில் முறைகேடு நடந்துள்ளதாக 2021இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. நிர்வாகக் குறைபாடுகளும் சேர்ந்துகொள்ள, 2023இல் அனைத்துலகக் குத்துச்சண்டைச் சங்கம் ஒலிம்பிக் அங்கீகாரத்தையே இழந்தது. ஒலிம்பிக்கிலிருந்து இவ்விளையாட்டு நீங்கிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. உலகக் குத்துச்சண்டை என்னும் புதிய அமைப்பு தோன்றிய பின்னரே, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைக்கு இடம் உறுதியானது. சில நடுவர்களின் தவற்றால் பல்லாயிரம் இளம் வீரர்களின் கனவு கலைய இருந்தது.

இவ்வரலாற்றில் நெஞ்சைத் தொடும் நிகழ்வு ஒன்றும் உண்டு. தகுதியற்ற வெற்றி என்னும் பழியைப் பார்க் சி ஹூன் நெடுங்காலம் சுமந்தார். தீர்ப்பை எழுதியவர் அவரல்லர். ஆயினும் பழி அவர்மீதே விழுந்தது. 2023இல் அவர் அமெரிக்கா சென்று, ஜோன்சை நேரில் கண்டு, 'இது உங்களுக்கே உரியது' என்னும் பொருள்படக் கூறித் தங்கப் பதக்கத்தை அவரிடம் ஒப்படைத்தார். அக்காட்சி 2025இல் காணொலியாக வெளிவந்தது. நடுவர்கள் செய்யத் தவறிய நீதியை, 35 ஆண்டுகளுக்குப் பின் வீரரே செய்து முடித்தார்.

நடுவு நிலைமைக்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரத்தை வகுத்துள்ளார் திருவள்ளுவர். அந்தப் பண்பு ஒலிம்பிக் மேடைக்கு மட்டும் உரியதன்று. பேராக் மாநிலத்தின் ஆயர் தாவார் போன்ற சிற்றூரின் பள்ளித் திடலுக்கும் அது பொருந்தும். சிலம்பக் கோல் எதிராளியின் உடலைத் தொட்டதா, இல்லையா? கபடியில் ஆட்டக்காரர் கோட்டை எட்டினாரா, இல்லையா? அத்தருணத்தில் தன் இல்ல அணியா, மாற்று அணியா என்று பாராமல், கண்டதைக் கண்டவாறு கூறும் மாணவரே உண்மையான நடுவர். தவறான தீர்ப்பு தோற்றவரை மட்டுமன்று, வென்றவரையும் வருத்தும்.

சொற்பொருள்

கையூட்டு – இலஞ்சம்
அங்கீகாரம் – ஏற்பு
நடுவுநிலைமை – ஒரு பக்கம் சாயாத தன்மை

கருத்துணர் வினாக்கள்

1. குத்துச்சண்டையில் நடுவரின் பங்கு ஓட்டப் பந்தயத்தைக் காட்டிலும் பெரிதாக இருப்பது ஏன்?
2. மின்னணுப் புள்ளி முறையின் குறைபாடுகள் இரண்டனைக் குறிப்பிடுக.
3. 'முறை மாறியும் மனிதர் மாறவில்லையே!' இக்கூற்றின் உட்பொருளை விளக்குக.
4. பார்க் சி ஹூனின் செயலிலிருந்து வெளிப்படும் பண்புகள் யாவை?
5. பள்ளி விளையாட்டுப் போட்டியில் உன் நண்பருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டால், நீ என்ன செய்வாய்? காரணத்துடன் எழுதுக.