கரிசலில் ஒன்பது குழி

கேள்வி: சிவகாசி பக்கம் எங்கள் தோப்பில் பிள்ளைகளுக்காக ஒன்பது குழி மினி கோல்ஃப் போட நினைக்கிறேன். தடைகள் பட்டாசு வடிவத்தில் இருக்க வேண்டும். மட்டையையும் உள்ளூரிலேயே செய்ய முடியுமா?

முடியும். லேத்துக்கும் அச்சகத்துக்கும் குறைவில்லாத ஊர் உங்களுடையது. ஆனால் முதலில் தரையைக் கவனியுங்கள். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே எதை விரித்தாலும் ஒரே வருஷத்தில் பந்து கோணலாக ஓடும். தடம் போகிற இடத்தில் 2 அடியாவது கரிசலை எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் திமிசு போட்டு, கம்பிவலை வைத்த கான்கிரீட் போடுங்கள். 10 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் விட்டால் தண்ணீர் நிற்காது. அதன்மேல் செயற்கைப் புல்விரிப்பு. 1920களில் தாமஸ் ஃபேர்பேர்ன் என்பவர் அரைத்த பருத்திக்கொட்டைத் தோலில் எண்ணெயும் பச்சைச் சாயமும் கலந்து தளம் போட்டார். அமெரிக்காவில் இந்த விளையாட்டு பரவியதில் அந்தத் தளத்துக்குப் பெரிய பங்குண்டு. பருத்திக்கொட்டை உங்கள் சீமைக்குப் புதிதல்ல என்றாலும், எண்ணெய் ஊறிய தோலை அந்த வெயிலில் விரிக்கச் சொல்ல மாட்டேன்.

தடைகளில் சங்குசக்கரத்தை முதலில் செய்யுங்கள். வளைவு வாசலுக்கு முன்னால் நிமிர்ந்து சுற்றும் நாலு இதழ்ச் சக்கரம், 12 வோல்ட் கியர் மோட்டார். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை வாசல் திறக்கும். ஏழு வயதுப் பிள்ளைகூட மனசுக்குள் எண்ணிப் பார்த்து அடிக்கலாம். பழைய கார் வைப்பர் மோட்டாரை மாட்டிவிடாதீர்கள். அது 40 சுற்றுக்கு மேல் ஓடும், பிறகு பந்து உள்ளே போவது வெறும் அதிர்ஷ்டம். கணக்குப் போட்டு அடிக்கிறவருக்குத் தடை வழிவிட்டே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இதழ் நுனிக்கு நுரை ஒட்டுங்கள், மோட்டாருக்கு மூடி போடுங்கள்.

புஸ்வாணம் என்றால் சரிவான கூம்பு, உச்சியில் குழி. 4 அங்குல உயரம் போதும். அதை ஏறப் பந்துக்கு விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் வேகம் வேண்டும். கூம்பை இன்னும் உயர்த்தினால் சின்னக் கைகளுக்கு எட்டாது. குழியின் அகலம் கோல்ஃப் விதிப்படியே 4¼ அங்குலம்.

சுரங்கப்பாதைக்குக் காகிதக் குழாய் அருமையான பொருள். 3 அங்குல உள்வாயில் புதுக் குழாயாக வாங்கி, இரண்டு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். பட்டாசு ஆலையில் புழங்கிய பழைய குழாய், தட்டு, டப்பா எதுவும் வேண்டவே வேண்டாம். மருந்துத் தூள் மடிப்புக்குள் ஒட்டியிருக்கும். விளையாடப் போவது பிள்ளைகள்.

மட்டைக்கு வருவோம். தலையின் எடையை நடுவில் குவிக்காமல் இரு முனைக்கும் பிரித்துவிட்டால், பந்து நடுவில் படாதபோதும் மட்டை அவ்வளவாகத் திரும்பாது. ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் தன் பிங் மட்டையைச் செய்தது இந்த முறையில்தான். லேத்காரரிடம் இரும்புப் பட்டையின் நடுப்பின்புறத்தைக் குடையச் சொல்லுங்கள்; முகம் 3 டிகிரி சாய்ந்திருக்கட்டும். அலுமினியக் குழாய் கம்பு, சைக்கிள் கைப்பிடி உறை. நீளம் பெரியவர்களுக்கு 34 அங்குலம், பிள்ளைகளுக்கு 24 முதல் 28 வரை. ஆஃப்செட் அச்சகத்தில் கழித்துப்போடும் ரப்பர் பிளாங்கெட்டை மை போகத் துடைத்து முகத்தில் ஒட்டினால் அடி மிருதுவாக விழும். அதே ரப்பரை ஓரக்கட்டையிலும் ஒட்டலாம். பந்தின் நடு உயரமான 21 மில்லிமீட்டருக்குக் கீழே மட்டும் தொட்டால் பந்து துள்ளி வெளியே போகும், கவனம்.

எதையும் நிரந்தரமாகப் பதிப்பதற்கு முன் தெருப் பிள்ளைகளை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். மினிகோல்ஃப் போட்டி விதி ஒரு குழிக்கு ஆறு அடிதான் தருகிறது. பாதிப் பேர் அதைத் தாண்டினால் வாசலை ஓர் அங்குலம் அகலமாக்குங்கள்.