‘அக்கா’ என்று கூப்பிட்ட கிளி

என் முதல் கிளிக்குஞ்சு பட்டுப்போன தென்னையோடு சேர்ந்து விழுந்தது. மாசி மாதம். கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் மரத்தைச் சாய்த்தபிறகுதான் பொந்தில் குஞ்சுகள் இருந்ததையே பார்த்தார்கள். இரண்டு செத்திருந்தன. மூன்றாவதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பையன் கேட்டான்: "யக்கா, பால் குடுக்கலாமா?"

"குடுடா" என்றேன். தப்பு அங்கேயே தொடங்கியது.

பறவைக்குப் பால் செரிக்காது. அதோடு, சில்லிட்டுக் கிடக்கும் குஞ்சுக்கு எந்த இரையும் ஆகாது, முதலில் சூடு. அட்டைப்பெட்டியில் பழைய நூல்சேலை, ஒரு ஓரத்தில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். சூடு மிஞ்சினால் நகர அதற்கு இடம் வேண்டும். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உடம்பு சூடானபிறகு வெதுவெதுப்பான கூழ். கழுத்தடியில் ஒரு பை உப்பும்; அது வற்றினால்தான் அடுத்த வேளை. விடிந்தும் வற்றவில்லையென்றால் மருத்துவரிடம் ஓடுங்கள். பூனை வாய் பட்டிருந்தால், காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே.

அது பிழைத்தது. நான்தான் கெடுத்தேன். "அக்கா" என்று சொல்லப் பழக்கினேன், தோளில் வைத்துக் கடைக்குப் போனேன். நன்றாகப் பறக்கத் தொடங்கியதும் பெரிய மனசோடு திறந்துவிட்டேன். இரண்டாம் நாள் நாலு வீடு தள்ளி ஒரு முற்றத்தில் இறங்கி "அக்கா, அக்கா" என்றிருக்கிறது. அந்த வீட்டில் பூனை இருந்தது.

பச்சைக்கிளியை வளர்ப்பதே குற்றம் என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. 1972-ஆம் வருடத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கிளியைத் தத்தெடுக்க ஆசையென்றால், கூண்டில் பிறந்து, வைத்துக்கொள்ள ஆளில்லாமல் போன வெளிநாட்டுப் பறவைகளைக் கேட்டு வாங்குங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரியானவற்றை, மத்திய அரசின் 2024 விதிகளின்படி, பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஒரு எச்சரிக்கை: சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது வருஷம் இருக்கும். உங்கள் பேரன்தான் அதற்குத் தீனி வைப்பான்.

அடுத்தது, ஊரைக் காலிசெய்து போனவர்கள் கூண்டோடு விட்டுப்போன கிளி. கழுத்தில் சிவப்பு வளையம் நன்றாக விழுந்த ஆண். அப்படியென்றால் இரண்டு, மூன்று வயதாவது இருக்கும். இறக்கையை ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். இந்தத் தடவை முதலில் வனத்துறைக்குச் சொன்னோம். தேறும்வரை அவர்கள் பார்வையில் என்னிடம் இருந்தது.

வெட்டிய சிறகு முடி மாதிரி வளராது. அடித்தண்டு உதிர்ந்து, அந்த இடத்தில் புதிதாகக் குருத்து விட வேண்டும். மாதக்கணக்காகும். அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது, ரத்தம் வரலாம். அதுவரை அலகாலும் காலாலும் கம்பியைப் பிடித்து ஏறும், பாதியில் பொத்தென்று விழும். அடியில் வைக்கோலைக் கனமாகப் போட்டேன். சோறும் பிஸ்கட்டும் தின்று பழகியதற்குக் கம்புக் கதிரைக் காம்போடு கட்டித் தொங்கவிட்டேன். கொய்யாவைக் கிளையோடு கொடுத்தேன். உரித்து, கிழித்துத் தின்ன மறுபடி கற்றுக்கொள்ள வேண்டுமே. மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது, ரசித்துத் தின்னும். எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் நமக்கு நுரையீரல் காய்ச்சல் வரலாம். தண்ணீர் தெளித்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு துடைப்பேன்.

ரொம்பக் கஷ்டமானது பேசாமல் இருப்பதுதான். கூண்டில் என் பக்கம் சாக்குப்படுதா, கிளிக்கூட்டம் வந்து போகும் பக்கம் திறப்பு. முதலில் அது படுதாவைத்தான் கொத்திக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் மேலே போன கூட்டத்துக்குப் பதில் குரல் கொடுத்தது.

புது இறகு வந்து, அறைக்குள் திரும்பித் திரும்பிப் பறந்தும் இரைக்காமல் இருந்தபோது, கோமுகி அணைப் பக்கம் வனக்காவலர் முன்னால் திறந்தோம். காலையில்தான் விட வேண்டும். இருட்டுவதற்குள் இரையும் ஒதுங்க மரமும் தேடிக்கொள்ளும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பட்டத்தில் மக்காச்சோளக் கதிரைக் கிளிகள் கடித்துப் போட்டபோது மாமா என்னிடம்தான் வந்தார். "உன் ஆளு அதுல எதும்மா?" என்றார்.