இடமறிந்து இயங்கும் லைசோசோம்கள்

செல்லினுள் தேய்ந்துபோன உறுப்புகளையும் தேவையற்ற புரதங்களையும் செரித்து, மீண்டும் பயன்படும் மூலக்கூறுகளாக மாற்றித் தரும் சவ்வுப்பைகளே லைசோசோம்கள். பெல்ஜியம் நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் 1955ஆம் ஆண்டில் இவற்றிற்குப் பெயரிட்டார். உண்மையில் அவர் தேடியது வேறொன்று. இன்சுலினின் செயலை அறிவதற்காக எலியின் கல்லீரலை ஆராய்ந்தபோது, அமில பாஸ்படேஸ் என்னும் நொதியின் செயல்திறன் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தது. அதே மாதிரியைக் குளிர்பதனப் பெட்டியில் 5 நாள்கள் வைத்திருந்து மறுபடியும் அளந்தபோது, செயல்திறன் பன்மடங்கு உயர்ந்திருந்தது. நொதி ஏதோ ஒரு பையினுள் அடைபட்டிருந்தது என்றும், சவ்வு சிதைந்ததும் வெளிப்பட்டது என்றும் அவர் உய்த்துணர்ந்தார். 1974இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாடநூல்கள் லைசோசோமைத் 'தற்கொலைப் பை' என்று நெடுங்காலமாகக் குறித்து வருகின்றன. இப்பெயர் மனத்தில் எளிதில் பதியும். ஆயினும் பாதி உண்மையையே சொல்லும். வெடித்துச் செல்லை அழிப்பது லைசோசோமின் அன்றாடப் பணியன்று. செல்லின் உணவுநிலையை அறிந்து, அதற்கேற்பத் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்வதே அதன் பணிகளுள் வியப்புக்குரியது.

செல்லுக்குள் நுண்குழல்கள் என்னும் புரத இழைகள் பாதைகள்போல் அமைந்துள்ளன. பெரும்பாலான விலங்குச் செல்களில் அவற்றின் எதிர்முனை உட்கருவின் அருகிலும் நேர்முனை செல்லின் விளிம்பிலும் இருக்கும். கைனெசின் என்னும் இயக்குப் புரதம் லைசோசோமை விளிம்பை நோக்கி இழுத்துச் செல்கிறது. டைனீன் உட்கருவை நோக்கி இழுக்கிறது. இவ்விரண்டும் நொதிகளே. ஏ.டி.பி. மூலக்கூறைச் சிதைத்து, அதில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டே இவை நடக்கின்றன. கைனெசின் ஓர் ஏ.டி.பி.க்கு ஓர் அடி என்ற கணக்கில் நடக்கும். ஓர் அடியின் நீளம் 8 நானோமீட்டர்.

எந்த இயக்குப் புரதம் எப்போது லைசோசோமைப் பற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வதில் வேறு வகை நொதிகள் பங்கேற்கின்றன. அவை ஜி.டி.பி. மூலக்கூறைச் சிதைக்கும் சிறு நொதிகள். பொதுவாக ஒரு நொதியின் பயன் அது உண்டாக்கும் விளைபொருளில் உள்ளது. இங்கோ நிலை வேறு. ஜி.டி.பி.யைப் பற்றியிருக்கும் வரையில்தான் இந்நொதி விழித்திருக்கும். அதைச் சிதைத்தவுடன் தானே ஓய்ந்துவிடும். வினை முடிவதே விளக்கு அணைவது போன்றது. ஆர்ல்-8 என்னும் நொதி விழித்திருக்கும்போது கைனெசினை லைசோசோமுடன் இணைக்கிறது. ராப்-7 என்பது டைனீனை வரவழைக்கிறது. ஆனால் வேறொரு துணைப் புரதத்துடன் சேர்ந்தால் அதே ராப்-7 கைனெசினையும் அழைத்துக்கொள்ளும். ஆகவே இன்ன நொதி இன்ன திசைக்கே உரியது என்று வகுத்துவிட இயலாது.

இவ்வளவு ஏற்பாடும் எதற்காக? கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. உணவு நிறைந்திருக்கும் செல்லில் லைசோசோம்கள் பலவும் விளிம்பிற்குச் செல்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் எம்டார் என்னும் நொதி தங்கியுள்ளது. புறத்திலிருந்து வரும் வளர்ச்சிக் குறிப்புகள் முதலில் எட்டும் இடம் விளிம்பே ஆதலால், அங்கு எம்டார் விரைந்து செயற்பட்டுப் புரத ஆக்கத்தைத் தூண்டுகிறது. பட்டினி நேர்ந்தால் லைசோசோம்கள் உட்கருவின் அருகே திரள்கின்றன. செல் தன் பழைய பொருள்களைப் பொதிந்து அனுப்பும் பைகளும் அங்கே வந்து சேர, இரண்டும் எளிதில் இணைகின்றன. செரிக்கப்பட்ட பொருளிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களே பட்டினிக்கால உணவாகின்றன. அமினோ அமிலம் குறையும்போது, லைசோசோம் சவ்விலுள்ள ராகுலேட்டர் என்னும் புரதத் தொகுதி, ஆர்ல்-8ஐ வரவழைக்கும் போர்க் என்னும் தொகுதியை இறுகப் பற்றிக்கொள்கிறது. எனவே வெளிநோக்கிய பயணம் தடைப்படுகிறது.

இந்த ஒழுங்கு குலைந்தால் நோய் தோன்றும். சில புற்றுநோய்ச் செல்களில் லைசோசோம்கள் விளிம்பிற்குச் சென்று தம் நொதிகளை வெளியே கொட்டுகின்றன. அவை சூழ்ந்துள்ள திசுவை அரித்து, நோய் பரவ வழி அமைக்கின்றன.

நரம்புச் செல்லின் நிலை இன்னும் கடினமானது. முதுகுத் தண்டிலிருந்து கால்வரை நீளும் நரம்பிழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுடையது. நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகத்தில் இடையறாது நகர்ந்தாலும், ஒரு பை அத்தொலைவைக் கடக்க 11 நாள்களுக்கு மேல் ஆகும். இழையின் நுனியில் உருவாகும் கழிவுப் பைகள் டைனீனின் துணையால் செல் உடலை நோக்கித் திரும்ப வேண்டும். மரபுவழிப் பார்க்கின்சன் நோயாளர் சிலரிடம் எல்.ஆர்.ஆர்.கே.-2 என்னும் நொதி அளவுமீறிச் செயற்படுகிறது. இது ராப் வகைப் புரதங்களின்மீது பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி. இந்த மிகைச் செயலால் கழிவுப் பையின்மீது கைனெசினும் விழித்துக்கொள்கிறது என்பது ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்களில் காணப்பட்டுள்ளது. ஒன்று முன்னிழுக்க, மற்றொன்று பின்னிழுக்க, பை நடுவழியில் தடுமாறி நிற்கிறது. இந்நொதியின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் நோயாளரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.