இமயச் சுற்றுலாவும் திசைவிரதமும்



விடுமுறைக் காலம் நெருங்கும்போது நம் இல்லங்களில் வடநாட்டுப் பயணம் பற்றிய பேச்சு எழுகின்றது. குழுவாக அழைத்துச் செல்வோர் பத்துப் பன்னிரண்டு நாள்களுக்குள் முசூரி போன்ற கோடை வாசத் தலங்களையும், அரித்துவாரம், ரிஷிகேசம், பத்ரிநாதம் முதலிய புண்ணியத் தலங்களையும் ஒருசேரக் காட்டித் திரும்ப அழைத்து வருகின்றனர். ஊர்தி, உணவு, தங்குமிடம் ஆகிய அனைத்தும் அவர்தம் பொறுப்பு. மொழி அறியாத ஊரில் முதியோர்க்கும் பெண்டிர்க்கும் இது பெரும் உதவியே. ஆயினும், வழியைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். விரதத்தைப் பிறரிடம் ஒப்படைக்க இயலுமா? இவ்வினாவே இப்பாடத்தின் பொருள்.

இமயம் நமக்கு ஏன் புனிதமானது?

இருபத்து நான்கு தீர்த்தங்கரருள் இருபதின்மர் சம்மேத மலையில் வீடுபேறு எய்தினர். வாசுபூஜ்யர் சம்பாபுரியிலும், நேமிநாதர் ஊர்ஜயந்த மலையிலும், மகாவீரர் பாவாபுரியிலும் முக்தி அடைந்தனர். முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதர் வீடுபேறு எய்திய இடம் அஷ்டாபதம் எனப்படும் கயிலாயம். நம் ஊர்களில் ஜினராத்திரி நாளில் நினைவுகூர்வது அந்நிகழ்ச்சியையே. திபெத்தில் 6,638 மீட்டர் உயரத்தில் நிற்கும் கயிலை மலையையே அஷ்டாபதம் எனப் பலர் கருதுகின்றனர். நம் அரசு நடத்தும் கயிலை மானசரோவர யாத்திரை 2020 முதல் ஐந்தாண்டுகள் நடைபெறாதிருந்து 2025ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கிற்று. அதில் எழுபது வயதைக் கடந்தோர்க்கு இடமில்லை. ஆகவே நம் வயதினர் பலரும் ஆதிநாதரை எண்ணி இமயத்தின் இப்புறத்துத் தலங்களோடு நிறைவு கொள்கின்றனர்.

திசைவிரதம் என்பது யாது?

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களைக் காப்பதற்கு வேலியாக அமைந்தவை குணவிரதங்கள். அவற்றுள் முதலாவது திசைவிரதம். இத்திசையில் இந்த ஆறு வரை, இத்திசையில் இந்த மலை வரை, அதற்கு அப்பால் செல்லேன் என வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்துக்கொள்வது இவ்விரதம். அவ்வெல்லைக்குள்ளேயே ஒரு நாள், ஒரு மாதம் எனக் காலம் குறித்து மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். சமந்தபத்ர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், தமிழில் அருங்கலச்செப்பும் இவற்றை விளக்குகின்றன.

எல்லை வகுப்பதனால் வரும் பயன் யாது? எல்லைக்கு அப்பாலுள்ள நிலப்பரப்பில் நாம் சிறு தீங்கும் செய்யப்போவதில்லை. ஆகவே அப்பகுதியைப் பொறுத்தவரை இல்லறத்தானின் அணுவிரதம் துறவியின் மகாவிரதத்திற்கு நிகராகின்றது என்பது ஆசாரியர் கூறும் கருத்து. எல்லை என்பது நம் கால்களுக்கு இடும் கட்டு மட்டுமன்று; அதற்கு அப்பாலுள்ள எல்லா உயிர்க்கும் நாம் அளிக்கும் அபயமும் ஆகும்.

இவ்விரதத்திற்கு ஐந்து குற்றங்கள் உண்டு. மேல்நோக்கி எல்லை கடத்தல், கீழ்நோக்கிக் கடத்தல், பக்கவாட்டில் கடத்தல், வகுத்த எல்லையை விரித்துக்கொள்ளல், எல்லையை மறத்தல் என்பன அவை. முதற் குற்றமாக மேல்நோக்கிக் கடத்தலை வைத்திருப்பதை மலைப் பயணம் செய்வோர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

மற்றொரு குணவிரதம் அநர்த்ததண்ட விரதம். பயனின்றிப் பாவம் தேடாமை என்பது இதன் பொருள். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறடித்தல், தீ மூட்டல், காற்றை அலைத்தல், செடிகொடிகளைக் கொய்தல் ஆகியவற்றோடு, வீணே அலைதலையும் பிறரை அலைய வைத்தலையும் ஆசாரியர் இங்கே சேர்த்துள்ளார். இக்கடைசிச் சொற்களைப் பல ஆண்டுகள் மாணவியர்க்குக் கற்பித்தும் அவற்றின் முழுப்பொருளை நாம் உணர்ந்தது இமயத்திலேதான்.

நமது பயணம்

2023ஆம் ஆண்டு தசலட்சண பருவம் முடிந்தபின், அக்டோபர் முதல் வாரத்தில், தருமபுரி மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் 18 பேர் ஒரு வழிநடத்துநரின் துணையோடு புறப்பட்டோம். புறப்படுமுன் இல்லத்து ஜினபிம்பத்தின் முன் நின்று, வடக்கே பத்ரிநாத ஊரே எல்லை, அதற்கு மேலே ஏறுவதில்லை, வீடு திரும்பும்வரை இந்நியமம் எனத் தேசாவகாசிகம் ஏற்றோம். உடன்வந்தோர் சிலரும் அவ்வாறே ஏற்றனர்.

தில்லியிலிருந்து முதலில் அத்தினாபுரம் சென்றோம். சாந்திநாதர், குந்துநாதர், அரநாதர் ஆகிய மூவரும் பிறந்த தலம் அது. நெடுநாள் உணவின்றிச் சென்ற ஆதிநாதருக்குச் சிரேயாம்ச மன்னன் கரும்புச்சாறு அளித்த இடமும் அதுவே. அட்சய திருதியையின் பெருமை அங்கே தொடங்குகின்றது. முறையறிந்து உணவளிப்பார் கிடைக்கும்வரை பெருமான் நியமத்தைத் தளர்த்தவில்லை என்பதைப் பயணிகள் நெஞ்சில் இருத்தல் நன்று.

அதன்பின் முசூரி. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரை ஆங்கிலேயர் 1820களில் கோடை வாசத்திற்காக அமைத்தனர். பின்னர் ரிஷிகேசம் வழியாக, அலகநந்தையும் பாகீரதியும் கூடும் தேவப்பிரயாகையைக் கண்டு, அலகநந்தைக் கரையிலுள்ள ஸ்ரீநகர் அடைந்தோம். காசுமீரத்து ஸ்ரீநகர் வேறு. இது கடுவால் நாட்டின் பழைய தலைநகர். 1894ஆம் ஆண்டு வெள்ளத்தில் பழைய நகரம் அழிந்துபோயிற்று. இன்றைய ஊரில் நம் திகம்பர ஜினாலயம் உள்ளது. அங்கே பூசை கண்டு, பகல் உணவையும் பகலிலேயே முடித்தோம். அன்றுவரை ஒரு நியமமும் தவறவில்லை.

மறுநாள் இரவு சோசிமடத்தில் தங்கல். அதற்கு மறுநாள் பத்ரிநாதம்.

எல்லை கடந்த நாள்

பத்ரிநாதத்தை அடைந்தபோது நண்பகல் கடந்திருந்தது. தங்குமிடத்தில் அமர்ந்திருக்கையில், மூன்றே கிலோமீட்டர் தொலைவில் மானா என்னும் ஊர் உள்ளது என்றும், முன்பு நாட்டின் கடைசிச் சிற்றூர் எனப்பட்ட அது இவ்வாண்டு முதற் சிற்றூர் எனப் பெயர்ப்பலகை பெற்றுள்ளது என்றும், சரசுவதி ஆறு பாறையிடையே பாய்வதை அங்கே காணலாம் என்றும் வழிநடத்துநர் கூறினார். வர விரும்பாதோர் தங்கலாம் என்றும் அவர் சொன்னார். கட்டாயம் ஏதுமில்லை.

நாம் எழுந்தோம். 'மூன்று கிலோமீட்டர்தானே' என்று மனம் கூறிற்று. எல்லையை விரித்தலும் மறத்தலும் அந்த ஒரு சொல்லில் ஒன்றாய் நிகழ்ந்தன.

நம்முடன் வந்த, எழுபத்திரண்டு வயதான அம்மையார் ஒருவர்க்குக் காலை முதலே தலைவலி இருந்தது. உணவும் செல்லவில்லை. அவரும் அதே எல்லையை ஏற்றவர். தங்கிவிடுமாறு மற்றவர்கள் சொன்னபோது அவர், "டீச்சரம்மாவே போகிறார்கள், நான் மட்டும் நிற்பானேன்" என்று கூறிப் புறப்பட்டார். அச்சொல் நம் காதில் விழுந்தது. அப்போதாவது நின்றிருக்கலாம், நின்றோமில்லை.

ஊர்தி நிற்குமிடத்திலிருந்து ஆற்றை நோக்கி ஏறும் வழியில் அவருக்கு மூச்சு முட்டிற்று. உதடுகள் நீலம் பாய்ந்தன. பத்ரிநாதத்திற்குக் கொண்டுவந்து மருத்துவ நிலையத்தில் ஆக்சிஜன் கொடுத்தனர். உடனே கீழே இறங்குவதே சிறந்த மருந்து என்றார் மருத்துவர். ஆனால் இரவில் அம்மலைச் சாலையில் ஊர்திகள் செல்ல அனுமதி இல்லை. விடியும்வரை ஆக்சிஜனோடு காத்திருத்தல் வேண்டும் என்றாயிற்று. கதிரவன் மறைந்து இரண்டு மணி நேரத்திற்குப் பின் மாத்திரைகளை நீருடன் விழுங்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் சூரியன் மறைந்தபின் ஒரு மிடறு நீரும் அருந்தாதவர் அவர். நம்மை ஒருமுறை நோக்கினார், பின் விழுங்கினார்.

நாம் கடந்தது நம் எல்லையை; அதனால் உடைந்தது அவருடைய விரதம். வீணே அலைதலும் பிறரை அலைய வைத்தலும் என்று ஆசாரியர் இணைத்துச் சொன்னதன் காரணம் அன்றிரவு விளங்கிற்று. இக்கட்டுரையில் நாம் என்று பன்மையில் எழுதினாலும், அப்பிழை எழுதுகின்றவர் ஒருவருடையதே. பொழுது விடிந்ததும் இறங்கினோம். சோசிமடத்தை அடையுமுன்பே அவர் மூச்சு சீராயிற்று.

உடலின் எல்லை

நிகழ்ந்ததன் காரணத்தை அறிதல் நலம். உயரம் மிக மிகக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. மூச்சுக்கு மூச்சு உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகின்றது. தருமபுரி ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஏற்காட்டில் நமக்கு இடர் ஏதும் தோன்றுவதில்லை. 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். சோசிமடம் ஏறத்தாழ 1,900 மீட்டர். பத்ரிநாதம் 3,100 மீட்டர். ஒரே பகலில் 1,200 மீட்டர் ஏறுகின்றோம். உடல் பழகுவதற்குக் காலம் தருதல் வேண்டும். தலைவலி தோன்றிய பின் மேலே ஏறலாகாது. மிகுமாயின் இறங்குதல் வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரிடம் கேளாமல் புறப்படலாகாது.

உணவும் நீரும்

மலையூர்களில் கதிரவன் முகட்டுக்குப் பின் முன்னதாகவே மறைகின்றான். சாலையில் மண்சரிவு ஏற்பட்டால் ஊர்தி மணிக்கணக்கில் நிற்கும். ஆகவே இரவுண்ணா நியமம் உடையோர் அவல், பொரி, வறுத்த கடலை போன்றவற்றைக் கைப்பையில் வைத்திருத்தல் வேண்டும். பத்ரிநாத உயரத்தில் நீர் ஏறத்தாழ 90 பாகையிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் எளிதில் வேகா. அழுத்தக் கலம் கொண்டு சமைக்குமாறும், கிழங்கு வகை தவிர்த்துச் சமைக்குமாறும் பணம் கட்டும்போதே பேசி முடிவு செய்தல் வேண்டும். துணியால் வடித்த நீர் இரண்டு நாழிகைக்கே ஏற்றது. காய்ச்சிய நீரைக் குடுவையில் எடுத்துச் செல்வது எளிது.

மலையும் உயிருடையது

நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தும் ஓரறிவுயிர் என்பது ஜினாகமம். அவ்வகையில் மலையும் நாம் மிதித்து ஏறும் வெறும் கற்குவியல் அன்று. சோசிமடத்தில் 2023ஆம் ஆண்டு சனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. குடும்பங்கள் வீடிழந்து வெளியேறின. ஒன்பது திங்கள் கழித்து நாம் சென்றபோதும் அவ்விரிசல்களைக் கண்டோம். அவ்வூர் பழைய மண்சரிவின்மீது அமைந்தது என்றும், பெருங்கட்டுமானம் கூடாது என்றும் 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. 2013ஆம் ஆண்டு சூன் திங்களில் கேதாரநாத வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இவையெல்லாம் யாத்திரிகர் ஒருவரால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் விடுதிகளும் அகன்ற சாலைகளும் யார்பொருட்டு எழுகின்றன? 'இன்னும் ஓரிடம், இன்னும் சிறிது உயரம்' என்னும் நம் ஆவலின் பொருட்டும் அன்றோ? எல்லை வகுப்பார் பெருகினால் மலைக்குச் சிறிதேனும் அபயம் கிட்டும்.

அண்மையிலுள்ள மலை

ஊர் திரும்பியதும் பிரதிக்கிரமணம் செய்து, ஓராண்டு தருமபுரி மாவட்ட எல்லையைத் தாண்டுவதில்லை என நியமம் ஏற்றோம். அதனால் இழந்தது ஏதுமில்லை, அறிந்ததே மிகுதி. தகடூர் எனப்பட்ட நம் தருமபுரியில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில் நிதியண்ணன், சந்தியண்ணன் என்போர் ஜினாலயம் எடுப்பித்ததை 893ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகின்றது. தகடூரை ஆண்ட அதிகமான் விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி செய்வித்த யட்சன் யட்சி படிமங்கள் பழுதுற்றிருக்கக் கண்டு, போளூரை அடுத்த திருமலையில் அவற்றைப் புதுப்பித்து எழுந்தருளச் செய்தான். மணியும் அளித்தான், கால்வாயும் அமைத்தான். புதிய இடம் தேடாமல், முன்னோர் வைத்ததைப் பேணினான்.

ஓராண்டு நிறைவுற்றபின் நம் முதற் பயணம் அத்திருமலைக்கே. உடன்வந்தவர் அந்த அம்மையாரே. பதினாறடி உயர நேமிநாதர் திருமுன் அமர்ந்து ஆதிநாதரையும் கயிலையையும் மனத்தால் வணங்கினோம். எழுந்து வரும்போது அவர், "டீச்சரம்மா, இன்றைக்கு எல்லை எது?" என்று கேட்டார். "பொழுது சாயுமுன் வீடு" என்றோம். அவ்வாறே வந்து சேர்ந்தோம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் இல்லத்தார் அடுத்து மேற்கொள்ளும் பயணத்திற்கு எத்திசையில், எவ்வுயரத்தில், எத்தனை நாளுக்கு எல்லை வகுப்பீர்கள்? எழுதி வைத்துப் பெரியோர் ஒருவரிடம் கொடுங்கள்.

2. எல்லைக்கு அப்பாலுள்ள பொருளைப் பிறரை அனுப்பிக் கொணரச் செய்தல் தேசாவகாசிகத்திற்குக் குற்றமாகும். ஏன்?

3. உங்களைப் பார்த்து நடப்பவர் எவர்? நீங்கள் எல்லை கடந்தால் அவர் இழப்பது யாது?

மூன்றாம் வினாவிற்கு விடை எழுத வேண்டா. புறப்படுமுன் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

ஜினதருமம் வாழ்க.