மாசி மகத்துக்குப் போனார்களா?

கேள்வி: எங்கள் பக்கத்து இருளர் பழங்குடியினர் குடியிருப்பில் அரசு வீடு கட்டித் தந்திருக்கிறது. அவர்கள் வாழ்க்கை உண்மையிலேயே மேம்பட்டதா என்று எப்படி அறிவது?
– ஒரு வாசகர், செவ்வாப்பேட்டை

பதில்: நல்வாழ்வு எது என்று அவர்களிடமே முதலில் கேளுங்கள். மாசி மகத்தன்று இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் பேசி முடிப்பார்கள். செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் குடும்பத்தால் நினைத்தபடி அங்கே போக முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தும், திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் ஏராளம். அதனால், ‘இந்த வருஷம் குடும்பத்தோடு மாசி மகத்துக்குப் போனீர்களா?’ என்று கேட்டால், கட்டிய வீடுகளின் கணக்கு சொல்லாததெல்லாம் தெரியவரும். ஏரியில் மீன் பிடிக்கவும் மூலிகை பறிக்கவும் தடையில்லையா என்றும் கேளுங்கள்.

அவர்களிடம் கேட்பதோடு, அவர்கள் அறிவையும் நம்புங்கள். அப்படி நம்பியதால் விளைந்த நன்மைக்குச் சான்று, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின், அவர்கள் பாம்பு பிடித்துப் பிழைத்த தோல் வியாபாரம் நின்றது. அதே திறமை இன்று விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு தருகிறது. பிடித்த பாம்புகள் காட்டுக்கே திரும்புகின்றன.

கேட்கப் போகும்போது அதிகாரியும் சூளை முதலாளியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெண்களிடம் தனியாகப் பேசுங்கள்.